குப்பைக் குழாயில் போடாத பெட்டி

இது யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.

என் அன்பான பியானோ அங்கிள்,

நீங்கள் செத்துப் பதினொரு நாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, நீங்கள் எழுதிய இசைத்தாள்கள் நிறைந்த அந்தப் பெட்டியை என்னிடம் தந்து, மாடியிலிருந்து குப்பையைக் கீழே தள்ளுகிற குப்பைக் குழாயில் போட்டுவிடு என்றீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுக்கிற வேலையா அது? நான் ஓம் என்றேன். ஆனால் போடவில்லை. என் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது.

உங்கள் பிராக் நகரத்துக்குள் ரஷ்யாவின் யுத்த தாங்கிகள் வந்த பிறகு ரேடியோவில் உங்கள் இசையை நிறுத்தி, ஒலிநாடாக்களையும் அழித்தார்கள் என்று சொன்னீர்கள். கார்ட்டூன் படங்களுக்கு இன்னொருவர் பெயரில் இசை எழுதிச் சாப்பிட்டீர்களாம். இரண்டு சிம்பனி எழுதியவர், ரொறன்ரோவுக்கு வந்து பள்ளிக்கூடப் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தீர்கள். அவர்கள் அழித்தது போதாதா? மிச்சத்தை நீங்களே அழிக்கவேண்டுமா?

அதோடு, அந்தக் கடைசி இசை உங்களுடையது மட்டுமா? அம்மா உரலில் சம்பல் இடிக்கிற சத்தத்துக்காகக் கீழ்வீட்டிலிருந்து ஏறி வந்தீர்களே. நீங்கள் சத்தத்தைப் பற்றி முறையிட வந்தீர்கள், எங்களை வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்கள் என்று பயந்து அம்மா ஒரு கிழமை முழுக்க உரலைத் தொடவில்லை. நீங்கள் திரும்பவும் வந்து, ஏன் நிறுத்தினீர்கள், அந்தச் சத்தத்தை வைத்து எனக்கு இன்னும் எட்டுப் பக்கம் இசை எழுதக் கிடக்கிறதே என்று கேட்டீர்கள்.

"விசர் மனுசன்," என்று அம்மா சிரித்துச் சிரித்து இடித்தார். அந்த இடிதான், பெரிய வயலின் மாதிரியான செலோவை வாசிப்பவர் வில்லின் கட்டையால் நரம்பில் தட்டவேண்டிய இடம் என்று தாளில் எனக்குக் காட்டினீர்கள்.

இன்று பின்னேரம் அப்பா ஒரு தாளைக் கண்டுவிட்டார்.

"உது ஆற்றை, பிள்ளை? என்ன பாஷை எழுதிக் கிடக்குது?"

"மியூசிக் அப்பா. கீழ்வீட்டு அங்கிளின்ரை."

"செத்த ஆளின்ரை சாமானோ? எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. ஆரும் வந்து களவெண்டு சொன்னால்? நாளைக்கு வேலைக்குப் போகேக்கை எல்லாத்தையும் கொட்டிப்போட்டுப் போறன்."

யாழ்ப்பாணத்தில் ஆமி எங்கள் வீட்டைச் சுற்றிவளைக்க முன்னர், இயக்கத்துக்குப் போன என் அண்ணா எழுதிய கடிதங்களையெல்லாம் அப்பா அடுப்பில் போட்டார். அண்ணா திரும்பி வரவில்லை. அவனுடைய கையெழுத்து எப்படி இருந்ததென்று இப்போது எனக்கு ஞாபகமே இல்லை. அப்பாவாவது பயத்தில் எரித்தார். நீங்கள் எதற்காக?

விடிய அப்பா எழும்ப முன் பெட்டியோடு பஸ் ஏறுவேன். பள்ளிக்கூட இசைக்குழு மிஸ்ஸிடம் கொடுப்பேன். ஒருநாள் அதை வாசிக்க வைப்பேன். முன்வரிசையில் அம்மாவை இருத்துவேன். தன்னுடைய உரலை அவர் கேட்கட்டும். நீங்கள் கோபித்தால் கோபியுங்கள்.

இப்படிக்கு,
சொல் கேளாத உங்கள் பெறாமகள்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே இன்னும் உள்ளே தள்—