ஏழாவது தீமிதி

வத்தளை
07.02.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருக்கட்டும். நான் சுகம். கார்மெண்ட் பெக்டரியில் வேலை அதிகம், அதனால்தான் தைப்பொங்கலுக்கு வரவில்லை. கோபிக்காதீங்க.

சித்திரைத் திருவிழாவில் இந்த வருசமும் நீங்கள் தீ மிதிக்கப் போவதாக ஏழுமலை மாமா சொன்னார். சீனி வியாதி உள்ள கால் அப்பா! போன தடவை வந்த புண் ஆற ஐந்து மாதம் ஆனது. அம்மா செத்ததற்காக ஆறு வருசம் மிதித்தது போதாதா? நம் எல்லோருடைய பாவத்துக்கும் சேர்த்து இயேசு சிலுவையில் ஒரே தரம் ரத்தம் சிந்திவிட்டார். அதற்கு மேல் நாம் செய்ய எதுவும் பாக்கி இல்லை. நம்பினால் போதும்.

அன்பு மகள்,
கிருஷ்ணகுமாரி


நிவித்திகல
26.02.1999

பாசமுள்ள மகளுக்கு அப்பா இருளப்பன் எழுதுறது,

இங்க ஒரே மழை. நாலு நாளா ரப்பர் பால் வெட்டு இல்ல, லயத்து வீட்டுலதான் கெடக்கேன். ஏழுமலைக்கு ஓட்ட வாய். அவன்கிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது.

அன்னிக்கி ஒங்கம்மாவுக்குப் பிள்ளை வலி வந்தப்ப என் கையில காப்பு. காப்பு கட்டுனவன் திருவிழா முடியாம தோட்ட எல்லையத் தாண்டக் கூடாதுன்னு நின்னுட்டேன். "நாளைக்கிக் காப்ப அவுத்ததும் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போவோம், பொறுத்துக்க மருதாயி"ன்னேன். வேற ஆளோட அனுப்பலாம்னுகூட இந்த மடையனுக்குத் தோணல. விடியறதுக்குள்ள தாயும் போயி புள்ளையும் போச்சு. பதினாலு வயசுல தலமாட்டுல ஒக்காந்து நீ பாத்த.

ஒங்க சாமி மன்னிச்சா சந்தோசந்தான். ஆனா நீ போடுற கடுதாசி அத்தனையிலயும் அவரு மன்னிச்சாரு, அவரு மன்னிச்சாருன்னே இருக்கு. நீ மன்னிச்சியா புள்ள? அந்த ஒரு வார்த்தைய எழுது. சத்தியமா இந்த வருசம் தீயில எறங்க மாட்டேன்.

அப்பா


வத்தளை
02.04.1999, பெரிய வெள்ளி

அப்பா,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

இன்று சபையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சிலுவையில் எல்லாம் தீர்ந்தது என்று சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா போட்டார்கள். உட்கார்ந்ததும் அப்படி ஒரு அழுகை வந்தது.

உங்களுக்குத் தெரியாத ஒன்று. அம்மா கடைசியாக என் கையைப் பிடித்து, "அப்பாவ ஏசிறாத புள்ள, அவருக்கு வெவரம் பத்தாது" என்றாள். இன்றுவரை ஏசவில்லை. ஆனால் மன்னிக்கவும் இல்லை அப்பா. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். இந்த நாளில் பொய் எழுதக் கை வரவில்லை. அவர் உங்களை மன்னித்தது நிஜம், அதை நான் முழுசாக நம்புகிறேன். அந்த மனசை எனக்கும் கொடும் என்று தினமும் முழங்காலில் நின்று கேட்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

இதுக்காகப் போய் எறங்கிறாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன் அப்பா. கால் வெந்தா மருந்து போட்டுவிட அம்மா இல்ல.

மகள்,
கிருஷ்ணகுமாரி