மரியதாஸ் வீட்டில் வாசிக்க ஒரு வாசகம்

செவ்வாய்

சோழகக் காற்று. படகு இறங்கவில்லை. வெட்கக்கேடான விஷயம் ஒன்று, எழுதிவிட்டு மறக்கலாம்: போன கிழமை, எங்கள் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியச் செபத்தில் எல்லோரும் முழங்காலில் நிற்க, நான் குறட்டை விட்டேனாம். அதற்குத் தண்டனை, வரும் வெள்ளி பைபிள் வாசகம் என்னுடையது. நானே தேடி எடுக்க வேண்டுமாம். ஆறாம் வகுப்போடு நின்றவளிடம் போய்.

செபம் கிழமைக்கு ஒரு வீடாகச் சுற்றும். இந்த முறை மரியதாஸ் வீடு. எங்கள் வலையை வெட்டிய அதே மரியதாஸ். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தி தீட்டுகிறார். அவன் வலையை வெட்டுவாராம். மீன் வெட்டக் கேட்டால் மட்டும் கத்தி மொட்டை.

புதன்

பைபிளைத் திறந்தேன். கண்ணில் பட்டது ஒரு திருப்பாடல். எதிரியின் வாயில் இருக்கும் பல்லை உடைத்துவிடச் சொல்லிக் கடவுளிடம் கேட்கிறது. அச்சுப்பிழையோ என்று திரும்ப வாசித்தேன். அடுத்த வரியும் அப்படித்தான். கோயிலில் முத்தமிடுகிற புத்தகம்.

அதைவிட மோசம், வாசிக்க வாசிக்க எனக்கு இனித்தது. மரியதாஸின் பல் கண்முன்னே வந்து நின்றது.

இவர் எட்டிப் பார்த்தார். "பாத்தியே, வேதத்திலையே கிடக்கு. அவன்ரை முகத்துக்கு முன்னாலை இதையே வாசி."

"வாசிச்சா செபம் பொலிசிலைதான் முடியும்."

சீனி முடிந்தது. வாங்க வேண்டும்.

வியாழன்

பாதரிடம் போனேன். "ஒரு பக்கத்திலை பல்லை உடை எண்டு கிடக்கு. மற்றப் பக்கத்திலை எதிரியை நேசி எண்டு கிடக்கு. எந்தப் பக்கம் பாதர் சரி?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பல்லை உடை எண்டு மனிசன் கடவுளிட்டை அழுதது, அக்கா. நேசி எண்டு கடவுள் மனிசனிட்டைக் கேட்டது."

"அப்ப அழலாமோ?"

"நல்லா அழுங்கோ. கத்தியை மட்டும் உள்ளை வையுங்கோ."

கத்திக் கதை அவருக்கு எப்படித் தெரியும்? திகைப்பில் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பாதர் காட்டிய இடம்: பழிவாங்குவது ஆண்டவரின் வேலை. எதிரி பசித்திருந்தால் சாப்பாடு கொடு. அப்போது அவன் தலையில் தணலைக் குவிப்பாய். சோறும் போட்டு நெருப்பும் போடுவதா? ஒன்றும் விளங்கவில்லை. இவருக்கு வாசித்துக் காட்டினேன். தீட்டுவதை நிறுத்தினார். "தணல் எண்டாச் சரி. இதைச் செய்வம்." கத்தி மீன் வெட்டக் குசினிக்குள் போனது.

செபத்துக்குக் கொண்டுபோக எள்ளுருண்டை பிடித்தேன். தணல் யோசனையில் பாகு முறுகி இறுகிவிட்டது.

வெள்ளி

வாசித்தேன். தணல் வந்த இடத்தில் இவர் மரியதாஸின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசகம் முடிந்தது. மரியதாஸ் சுவரைப் பார்த்தபடி, "அண்ணை, வெட்டின வலையைப் பொத்தித் தைக்க நாளைக்கு நான் வாறன்" என்றான்.

தணல் கொட்டப் போனவர்கள் நாங்கள். இவர் எள்ளுருண்டை போட்ட தகரப் பேணியை எடுத்து, முதலில் அவனிடம் நீட்டினார்.

மரியதாஸ் கடித்தான். முன்பல் உடைந்தது. மிச்ச உருண்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.