பெரிய மனசு

கோபக்காரிக்கு,

மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு டாக்டர்கிட்ட போயிருந்தேன். ஸ்கேன் பாத்துட்டு, "இதயம் விரிஞ்சிருக்கு, இருக்க வேண்டிய அளவைவிடப் பெருசா இருக்கு"ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இத்தனை வருஷமா எனக்கு மனசே சின்னதுன்னு சொன்னவ நீதானே? இப்ப படமே எடுத்துக் குடுத்திருக்காங்க, வந்து பாரு.

பெருசாயிட்டா பலம்னு அர்த்தமில்லையாம். ரொம்ப நாள் போட்ட பாவாடை இலாஸ்டிக் மாதிரி தொய்ஞ்சு போச்சு. டாக்டர் அப்படிச் சொல்லல, தையல்காரன் நான் அப்படிப் புரிஞ்சுக்கிட்டேன். மாத்திரை இருக்கு. உன்னைப் பயமுறுத்தறதுக்காக இதை எழுதல.

"வீட்ல கூட யாரு இருக்கா?"ன்னு கேட்டார். இருக்காங்கன்னு சொல்லிட்டேன். யாருன்னு யோசிச்சுக்கிட்டேதான் வீடு வந்து சேந்தேன்.

உங்க அம்மாவை இங்க வச்சுக்கலாம்னு நீ கேட்டப்ப, இன்னொரு கட்டிலுக்கு இடம் எங்க இருக்குன்னு கத்தினேன். நீயும் அவங்களோட உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டே. நேத்து டேப் வச்சு அளந்து பாத்தேன். தையல் மெஷினை ஜன்னல் பக்கம் தள்ளினா கட்டில் தாராளமா நிக்கும். தள்ளியாச்சு. கனமானதைத் தூக்காதேன்னு டாக்டர் சொல்லியிருக்கார், அதனால கட்டிலை நீதான் கொண்டு வரணும்.

எனக்கு மனசு பெருசாகித்தான் இந்தக் கதி. நீ பெரிய மனசு பண்ணினா ஒண்ணும் கெட்டுப் போகாது. அத்தையையும் கூட்டிக்கிட்டு வா.

இப்படிக்கு,
சின்ன மனசுக்காரன்