அடுப்படியில் கழற்றிய பட்டை

நவம்பர் 10, திங்கள்

உடல்நலக் கணக்கெடுப்புக்காக மானகிரியில் இன்று ஆறு பேருக்குப் பட்டை கட்டினேன். கைக்கடிகாரம் மாதிரிதான், மணி மட்டும் காட்டாது. ஆள் எவ்வளவு அசைகிறார், எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்று ஒரு வாரம் பதியும். ஊர் ஊராக இப்படி அளக்கிறார்களாம். வீடு வீடாக அலைந்து எனக்கு இடுப்பு விட்டுப்போனது. என்னை யார் அளப்பது?

நவம்பர் 13

பட்டை கட்டிய ஆறு பேரில் நாகவல்லி அக்காவின் கை வெறுமையாக இருந்தது. பட்டை எங்கே என்று கேட்டேன்.

"பத்திரமா இருக்கு தாயி. ஓட்டல் அடுப்படிக்குள்ள கையில ஒண்ணுமே கெடக்கக் கூடாதாம். போகையில கழட்டிருவேன், வந்ததும் கட்டிக்கிருவேன்."

ஓட்டல் மேனேஜர் முருகப்பனிடம் போய்க் கெஞ்சினேன். "சாம்பார்ல விழுந்தா நீங்க வந்து பதில் சொல்லுவீகளா?" என்றார். நியாயம்தான். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

நவம்பர் 27

முடிவு வந்துவிட்டது. நாகவல்லி: உடலுழைப்பு போதாது.

போதாதா? காலையில் போனால் சாயங்காலம் வரை நின்ற கால் நின்றபடி மாவாட்டி, அண்டா தூக்கி, பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிற பொம்பளைக்கா?

மதுரையில் எங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன். கணக்குப் பார்க்கிற கார்த்திகேய சிவம் சார் நிதானமாகச் சொன்னார்: "கழட்டி வச்ச நேரத்தை கம்ப்யூட்டரே நிரப்பிடும்மா. கட்டியிருந்த நேரத்தோட சராசரியைப் போட்டுக்கும்."

கட்டியிருந்த நேரம் எது? வீட்டுக்கு வந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு டிவி முன்னால் காலை நீட்டிய நேரம். அதையே எடுத்து அடுப்படி நேரம் முழுக்கப் பூசிவிட்டார்கள்! அக்கா வேலையில் பட்டையைக் கழற்றிவிடுகிறது என்று நான் எழுதி அனுப்பிய குறிப்பை யாராவது படித்தார்களா?

"ஆயிரம் பேர்ல ஒருத்தர்மா, விடுங்க" என்றார் சார்.

நவம்பர் 29

'போதாது' என்று வந்தவர்களுக்கு ஆலோசனை சொல்லியே ஆக வேண்டுமாம். சொன்னேன். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். அக்கா தலையாட்டியது. இது தப்பு என்று சொல்ல வாய் வரை வந்தது. முடிவைப் பற்றி நாமாக எதுவும் பேசக் கூடாது என்பது உத்தரவு. அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். சே.

டிசம்பர் 3

மழை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. யாரைப் பார்த்தாலும் கோபம் வருகிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

திருப்பத்தூர் போய்த் திரும்புகையில் ரோட்டோரம் நாகவல்லி அக்கா. காலைச் சாய்த்துச் சாய்த்து, ஆனால் வேகமாக நடக்கிறது.

"பஸ்ஸ விட்டுட்டீகளாக்கா?"

"இல்ல தாயி, ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாடியே எறங்கிட்டேன். நீதான நடக்கச் சொன்ன? அன்னையிலருந்து வேல முடிஞ்சு நடந்துதான் வாரேன். இந்த முட்டிதான் மல்லுக்கட்டுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டியில் ஏறச் சொன்னேன். ஏறவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். உத்தரவாவது ஒன்றாவது — எல்லாவற்றையும் சொன்னேன். நீங்க உழைக்கிறது போதும்க்கா, போதுமானதுக்கு மேலேயே போதும், மெஷின்தான் தப்பாச் சொல்லிருச்சு என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அக்கா வாசலில் நின்று முட்டியை அமுக்கிவிட்டுக்கொண்டே சிரித்தது.

"எனக்காகச் சொல்ற. மிஷினு எதுக்குத் தாயி பொய் சொல்லப் போகுது?"