ஒன்பது சிவப்புக் கோடுகள்

ஜனவரி 24

பள்ளிக் குழாய் இன்றும் ஒழுகுகிறது. மூன்று முறை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாயிற்று. நான்காவது கடிதத்தைக் குழாய்க்கே எழுத வேண்டியதுதான்.

மதியம் வருகைப் பதிவேட்டிலிருந்து ஒன்பது பெயர்களை நீக்கினேன். அறுவடை வேலைக்குப் போகிற குடும்பங்களின் பிள்ளைகள். வருடா வருடம் டிசம்பர் கடைசியில் அப்பா அம்மாவோடு கிளம்புவார்கள், பிப்ரவரி முதல் வாரம் திரும்புவார்கள். முப்பது நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை நீக்க விதியில் இடம் இருக்கிறது. நான் முப்பத்தோராம் நாள் நீக்கிவிடுவேன். இரும்பு ஸ்கேல், சிவப்பு மை, பெயரின் நடுவே நேராக ஒரு கோடு. திரும்பி வந்தால் புது எண் போட்டுச் சேர்த்துக்கொள்வேன். பதினெட்டு வருடமாக இதுதான் வழக்கம். பிள்ளைகள் எனக்கு முதுகுக்குப் பின்னால் ‘ஸ்கேல் டீச்சர்’ என்று பெயர் வைத்திருப்பதும் தெரியும்.

இந்தப் பள்ளிக்கு ஆசிரியைகள் இரண்டே பேர். தலைமை நான், துணைக்கு இளையவள். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “இன்னும் பத்து நாள்ல வந்துடுவாங்களே டீச்சர். அடுத்த வாரம் கணக்கெடுப்பு வேற இருக்கு” என்றாள்.

“அதுக்குத்தான் பதிவேடு சுத்தமா இருக்கணும்” என்றேன்.

நாற்பத்தாறு இருந்தது. இப்போது முப்பத்தேழு.

ஜனவரி 31

வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். வகுப்புக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பதிவேட்டைத்தான் எண்ணினார். முப்பத்தேழு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். “இவ்வளவு சுத்தமான பதிவேட்ட இந்தச் சுற்றுவட்டாரத்துலயே நான் பார்த்ததில்ல மேடம்” என்றார்.

இதை வீட்டில் இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை ஆரம்பித்ததும் என் கணவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 5

ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். கறுத்து, இளைத்து, ஆளுக்கொரு புண்ணோடு. மூன்றாம் வகுப்பு வாயாடி நேரே என் மேசைக்கு வந்து பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

“டீச்சர், என் பேர் மேல ஏன் கோடு?”

“நீதான் வரலையே.”

“வந்துட்டேனே!”

கீழே புது எண் போட்டு அவள் பெயரை மறுபடி எழுதினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பழைய இடத்தில் எழுதச் சொல்லி அடம் பிடித்தாள்.

மார்ச் 11

ஆணை வந்திருக்கிறது.

‘நாற்பதுக்குக் குறைவான மாணவர் உள்ள பள்ளிகள் அருகிலுள்ள பள்ளியோடு இணைக்கப்படும். ஜனவரி 31 கணக்கெடுப்பே அடிப்படை.’ ஆணையோடு வந்த பட்டியலில் எங்கள் பள்ளி பதினோராவதாக இருக்கிறது. எதிரே 37.

ஆறு முறை படித்தேன். முப்பத்தேழு முப்பத்தேழாகவே இருந்தது.

இளையவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சொன்னதை இன்று திரும்பச் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 12

பதிவேட்டை எடுத்து ஒன்பது கோடுகளையும் மறுபடி எண்ணினேன்.

மார்ச் 14

வட்டார அலுவலகம். மூன்று மணி நேரம் பெஞ்சு. கால் ஆடுகிற பெஞ்சு, எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் சாய்ந்துவிடுவார் என்று எழாமலேயே உட்கார்ந்திருந்தேன்.

“சார், இன்னிக்கு நாற்பத்தாறு பேர் இருக்காங்க. நேர்ல வந்து எண்ணுங்க.”

“இருக்கலாம் மேடம். ஜனவரி முப்பத்தொண்ணுல?”

“அறுவடைக்குப் போயிருந்தாங்க. வருஷா வருஷம் போவாங்க.”

“அப்போ பேரை ஏன் எடுத்தீங்க?”

“முப்பது நாள் ஆயிடுச்சே சார்.”

“எடுத்தே ஆகணும்னு யாரும் சொல்லலையே. அது தலைமையாசிரியர் பார்த்து முடிவு பண்றது. இது உங்க கையெழுத்துதானே?”

என் கையெழுத்துதான். அழகான கையெழுத்து. அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவைப் பிடுங்கி அவர் மேசை முழுக்கக் கோடு கோடாய் இழுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். “நன்றி சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி? என்னைச் செருப்பாலடிக்க வேண்டும்.

மார்ச் 20

பெற்றோர் கூட்டம். நாற்காலி போதவில்லை. பள்ளி மூடப்போகிறது என்றால்தான் இத்தனை பேர் வருகிறார்கள்.

இரண்டாம் வகுப்பு இரட்டைப் பிள்ளைகளின் அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாசலில் மெஷின் போட்டுத் தைக்கிறவள், கழுத்தில் இஞ்சு டேப்போடே வந்திருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

“புதுப் பள்ளிக்கூடம் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். நாலு வழி ரோடு டீச்சர். லாரி நிக்காம போகுது. ஏழு வயசுப் புள்ளைங்க எப்படித் தாண்டும்?”

வேன் வரும் என்று ஆணையில் இருப்பதைப் படித்துக் காட்டினேன்.

“காகிதத்துல வேன் வரும். ரோட்டுல வருமா?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஒருவர் எழுந்து, “நம்ம பள்ளிக்கூடத்துல நாற்பதுக்கு மேல இருக்கே, அப்புறம் எப்படி மூடறாங்க?” என்றார். “கணக்கெடுத்த அன்னிக்குக் குறைஞ்சிருந்துச்சு” என்றேன். பொய் இல்லை. யார் குறைத்தது என்று சொல்லவில்லை. இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏன் சொல்லவில்லை? பயம். வேறென்ன.

ஏப்ரல் 2

சாமான் எங்கே வைப்பது என்று பார்க்க, எங்களை இணைக்கப்போகிற அந்தப் பள்ளிக்குப் போனேன். அங்கே தலைமையாசிரியர் மீசை சார். அவர் பெயரே பலருக்கு மறந்துவிட்டது, மீசை அப்படி. அலமாரியைத் திறந்தால் மேலே விழுகிறது. பதிவேட்டில் தேநீர்க் கறை.

அதைப் புரட்டினேன். புரட்டாமல் இருந்திருக்கலாம். அவர் பள்ளியிலிருந்தும் எட்டுப் பிள்ளைகள் அறுவடைக்குப் போயிருக்கிறார்கள். அதே நாட்கள். ஜனவரி முழுக்க ஆப்சென்ட், ஆப்சென்ட், ஆப்சென்ட். ஆனால் கோடு இல்லை. கணக்கெடுப்பில் நாற்பத்து நான்கு. என்னைப் போலக் கோடு போட்டிருந்தால் முப்பத்தாறு! என்னைவிட ஒன்று குறைவு!

“ஏன் சார் பேரை எடுக்கல?” குரல் உயர்ந்துவிட்டது.

அவர் பயந்துபோய், “திரும்பி வர்றவங்கதானே டீச்சர்?” என்றார். கொஞ்சம் யோசித்து, “என் தம்பி வெளியூர்ல வேலை பாக்குறான். அவன் சாப்பிடற தட்டத் தூக்கியா போட்டுட்டோம்?” என்றார்.

சோம்பேறித்தனமா, பெரிய மனசா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பதிவேட்டை மூடிவைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் வழி முழுக்க அழுகை. பக்கத்தில் இருந்த அம்மாள் ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள்.

ஏப்ரல் 3

சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. “தட்டுல கோடு போடாம சாப்பிடு” என்றார் கணவர். கோபம் வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஏப்ரல் 29

கடைசி நாள். பெஞ்சுகளை வண்டியில் ஏற்றினார்கள். கரும்பலகையைக் கழற்றினால் பின்னால் சுவர் மட்டும் புதுசு போல வெளுத்திருக்கிறது. குழாயைச் சரிசெய்ய இன்று ஆள் வந்தான். இன்று! கேட்டால், “ஆர்டர் இப்பதான் வந்துச்சு மேடம்” என்கிறான். சரிசெய்துவிட்டே போனான்.

எல்லோரும் போன பிறகு தையல்காரி மட்டும் வாசலில் நின்றாள். அவளிடம் சொன்னேன். ஒன்பது பெயர், முப்பத்தோராம் நாள், இளையவள் தடுத்தது, எல்லாம்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“என் புள்ளைங்க முப்பது நாள் வரலைன்னா, அதுங்க பேர் மேலயும் கோடு போட்டுடுவீங்க, இல்ல?”

பதிலுக்கு நிற்காமல் நடந்துவிட்டாள்.

ஜூன் 4

புதுப் பள்ளி திறந்தாயிற்று. நான் இங்கே மீசை சாருக்குத் துணை ஆசிரியை. பதிவேட்டை மட்டும் என்னிடம் தள்ளிவிட்டார். “உங்க கையெழுத்து நல்லா இருக்கும் டீச்சர்.” ஆமாம், ரொம்ப நல்லா இருக்கும்.

வேன் வரவில்லை. இரட்டையரும் வரவில்லை.

ஜூன் 12

வேன் பற்றி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். வேன் ஒதுக்கியாகிவிட்டதாம், ஓட்டுநர் ஒதுக்கவில்லையாம். அப்படியானால் வேன் தானாக வரட்டும் என்றேன். வைத்துவிட்டார்கள்.

ஜூன் 20

வேன் இல்லை.

ஜூலை 3

நாளையோடு இரட்டையர் வராமல் முப்பத்தொரு நாள்.

மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஸ்கேல் இருக்கிறது, சிவப்பு மை இருக்கிறது. கை அதுபாட்டுக்கு அதை எடுத்துவிட்டது, அதுதான் கொடுமை. பதினெட்டு வருடப் பழக்கம். இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே ஸ்கேல் வைப்பில் இரண்டையும் முடித்துவிடலாம் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. சீ.

முப்பது நாளாகப் பெயரைக் கூப்பிட்டேனே, ஒரு நாளாவது அந்த வீட்டுக்குப் போனேனா? பதினெட்டு வருடத்தில் கோடு போட்ட எந்த வீட்டுக்காவது போயிருக்கிறேனா?

ஜூலை 4

காலை ஏழே முக்காலுக்குத் தையல்காரி வீட்டு வாசலில் நின்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தைத்தாள். ஒரு முழுத் தையல் முடிகிற வரைக்கும் நின்றேன்.

“கோடு போட்டாச்சுன்னு சொல்ல வந்தீங்களா?”

“புள்ளைங்கள கூட்டிட்டுப் போக வந்தேன். கையப் பிடிச்சு ரோட்டத் தாண்ட வைக்கிறேன். சாயங்காலம் நானே கொண்டுவந்து விடறேன்.”

“இன்னிக்கு மட்டுமா?”

“வேன் வர வரைக்கும்.”

“அது எங்க வரப்போகுது” என்றாள். சொல்லிக்கொண்டே எழுந்து சீப்பைத் தேடினாள்.

சாலையைத் தாண்டப் பதினொரு நிமிடம் ஆனது. இரண்டு பிள்ளைகளின் கையும் வியர்த்திருந்தது. என் கையும்தான். மனுஷன் தாண்டுகிற ரோடா அது? இந்த ஆணையை எழுதியவரை ஒரு நாள் இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

ஜூலை 19

இப்போது என்னோடு பதினான்கு பேர் தாண்டுகிறார்கள். லாரிக்காரர்கள் என்னைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்கிறார்கள். ஸ்கேலை நீட்டிக்கொண்டு சாலை நடுவே நிற்கிறேனே, பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

செப்டம்பர் 9

வேன் இல்லை. கடிதம் எண் ஏழு.

டிசம்பர் 24

அறுவடைக் குடும்பங்கள் கிளம்பிவிட்டன. எங்கள் ஒன்பது, இந்தப் பக்கத்து எட்டு. வாயாடி போகும்போது மேசைக்கு வந்து, “டீச்சர், கோடு?” என்றாள். “போ, பஸ்ஸ விட்டுடப் போற” என்று விரட்டினேன்.

ஜனவரி 24

இந்த வருடம் வரம்பை அறுபதாக உயர்த்திவிட்டார்களாம். ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களும் வேறு பள்ளி தேடிப் போனவர்களும் போக, பட்டியலில் எழுபத்திரண்டு பேர். பதினேழை எடுத்தால் ஐம்பத்தைந்து. அடுத்த வாரம் கணக்கெடுப்பு.

மீசை சார் காலையிலிருந்து என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கேட்டேவிட்டார். “இன்னிக்கு முப்பத்தொண்ணாவது நாள்தானே டீச்சர்... ஸ்கேல் எங்க?”

“தையல்காரிகிட்ட. துணியில கோடு போடக் கொடுத்துட்டேன்.”

வந்து எண்ணட்டும். கேட்டால் பதில் இருக்கிறது. ஆப்சென்ட் என்று எழுதியிருக்கிறேன், அது உண்மை. பெயர் இருக்கிறது, அதுவும் உண்மை.

காலை வரிசையில் மொத்தப் பள்ளிக்கும் நான்தான் பெயர் கூப்பிடுகிறேன். வாயாடியின் பெயரையும் கூப்பிட்டேன். பழக்கத்தில் ஒரு கணம் நிறுத்தினேன். ஆப்சென்ட் போடக் குனிந்தபோது இரட்டையரில் ஒருத்தி வரிசையிலிருந்து, “வருவாங்க டீச்சர்” என்றாள். அடுத்த பெயருக்கு இருவரும் சொன்னார்கள். நான்காவது பெயருக்குப் பாதிப் பள்ளி. பதினேழாவது பெயருக்கு, தெருவுக்கே கேட்கும்படி எல்லாப் பிள்ளைகளும் சொன்னார்கள். மீசை சாரும் சேர்ந்து சொன்னார், நான் பார்த்தேன்.