வேலை இருக்கிற மாதிரி

மார்ச் 3, திங்கள்

எழுதுகிற பேனா, எழுதாத பேனா என்று பிரித்து வைக்கிற வேலை காலை பத்தரைக்கே முடிந்துவிட்டது. இனி சாயங்காலம் வரை என்ன செய்வது? அதனால்தான் இந்த டைரி. புது வருடத்துக்கு ஆபீஸ் கொடுத்தது, இத்தனை நாள் டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தது.

எங்கள் செக்ஷன் வேலை மொத்தமும் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. மற்றவர்களை ஆளுக்கொரு பக்கம் மாற்றினார்கள். என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நானாகப் போய் ஞாபகப்படுத்தவா? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான். நாற்காலி இருக்கிறது, சம்பளம் வருகிறது.

எழுதிக்கொண்டிருந்தால் வேலை இருக்கிற மாதிரியும் தெரியும்.

மார்ச் 4, செவ்வாய்

சும்மா இருப்பது சுலபம் என்கிறவர்கள் இங்கே வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். முதுகு வலிக்கிறது, கண் எரிகிறது, மூட்டை தூக்கினவள் மாதிரி வீட்டுக்குப் போகிறேன்.

கையில் ஃபைலோடு வேகமாக நடந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஜெராக்ஸ் அறை வரை போய், ஃபைலைத் திறந்து மூடி, திரும்பி வருவேன். தண்ணீர் குடிப்பேன். அதனால் பாத்ரூம் போக வேண்டியிருக்கும். வந்து மறுபடி தண்ணீர்.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பேர் பூனை. ரப்பர் அடி வைத்த ஷூ, வருவதே தெரியாது. இன்று முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். டைரியை மூடுவதற்குள், "உங்களப் பாத்தாதான்மா ஆறுதலா இருக்கு. நேத்தும் எழுதிட்டிருந்தீங்க, இன்னிக்கும் எழுதிட்டே இருக்கீங்க" என்றார்.

மார்ச் 6, வியாழன்

அக்கா போன் செய்தாள். அப்பாவுக்கு ராத்திரியெல்லாம் இருமல், இவளுக்கும் தூக்கமில்லை. "ஒரு ரெண்டு நாள் வந்து இருக்க முடியுமாடி…" என்று இழுத்தாள்.

குரலைத் தாழ்த்தி, "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்றேன். சுற்றிலும் காலி மேசைகள். மீட்டிங் அவற்றோடுதான்.

"ஐயோ, நீ வேலையப் பாரு. நான் ஒருத்தி, நேரங்காலம் தெரியாம கூப்பிட்டுக்கிட்டு." தப்பு செய்தவள் மாதிரி போனை வைத்துவிட்டாள்.

அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து அக்காதான் பார்க்கிறாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் வேலைக்குப் போகிறவள், வீட்டுக்காரர் வேறு இருக்கிறார். இப்படியேதான் பிரிந்தது, யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம், "அந்த ஆபீஸே என் தங்கச்சி தலையிலதான் ஓடுது" என்கிறாளாம். கேட்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வேலையா என்னைத் தடுக்கிறது? எனக்கு அந்த அறை பயம். அப்பாவைப் புரட்ட வேண்டும், துடைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். அந்த நாற்றம். வீடே அதிர அதட்டின மனிதர் இப்போது ஒரு வாய் தண்ணீருக்குக் கெஞ்சுகிறார் — என்னால பாக்க முடியல. முடியலன்னு அவகிட்ட சொல்லவும் முடியல. அதுக்குத்தான் ஆபீஸ்.

மார்ச் 7, வெள்ளி

சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று செல்போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

சாப்பாட்டு நேரம் முடிந்து தலை நிமிர்ந்தால், எதிரே அக்கா. கையில் மருந்துப் பை. அப்பாவின் ரிப்போர்ட்டை வாங்க இந்தத் தெரு ஆஸ்பத்திரிக்கு வந்தாளாம். அப்பாவிடம் பக்கத்து வீட்டம்மாவை உட்கார வைத்திருக்கிறாள். "தண்ணி குடிச்சிட்டுப் போயிடறேன். நீ உன் வேலையப் பாரு."

பார்த்தேனே. பழைய ஃபைல் ஒன்றை எடுத்து விரித்தேன். கம்ப்யூட்டரில் ஏதோ எண்களைத் தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். கூடப் பிறந்தவள் முன்னால் இந்த நாடகம்.

பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவின் ரத்த அழுத்தம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு பாதியில் நின்றது. திரும்பினால், தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

டீ கொண்டுவருகிற அம்மா வந்தார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்: "உங்க அக்காவா? தூங்கட்டும் மேடம். இந்தப் பக்கம் யாரு வரப் போறா? நீங்களே வேலை இல்லாம மாசக்கணக்கா உக்காந்திருக்கீங்க."

அக்காவின் கண் மூடியே இருந்தது. ஆனால் மூச்சு மாறியது. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவளுக்கு இது தெரியாதா?

கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, அப்போதுதான் விழித்த மாதிரி எழுந்தாள். முகம் கழுவிக்கொண்டாள். லிஃப்ட் வரை கூடப் போனேன். திட்டட்டும் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"குளுகுளுன்னு நல்லா இருந்துச்சுடி. வாரத்துல ஒரு நாள் இங்க வந்து இப்படி கொஞ்சம் தூங்கிட்டுப் போகட்டுமா? உனக்குத் தொந்தரவு இல்லன்னா."

லிஃப்ட் கதவு மூடிவிட்டது. என்ன ஜென்மம் நான்.

மார்ச் 12, புதன்

இன்று ஃபைலோடு நடக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அப்பா வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும் என்பதையும். "இத்தன நாளா வேலையே இல்லையா? அப்ப தெனமும் வந்து தலைவலின்னு படுத்தியே?" என்றார். "தலைவலி நெசம்" என்றேன். பிசைந்த சாதத்தை ஒரு வாய் சாப்பிட்டார். அப்புறம், "போய்ட்டு வா. நான் சமாளிச்சுக்கறேன்" என்றார்.

காலையில் பூனையிடம் நீண்ட லீவு கேட்டேன். "உங்க செக்ஷன் என்னம்மா ஆகும்?"

"செக்ஷன்ல வேலையே இல்ல சார்."

கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லாதீங்க. இந்த செக்ஷன் இல்லன்னா ஆபீஸே நடக்காதுன்னு நான் மேல எழுதிட்டிருக்கேன். அதுலதான் என் சீட்டும் நிக்குது." பாவம், எனக்கு மேலே ஒருத்தர். "நீங்க திரும்பி வர்றப்போ நாற்காலி இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"இல்லாட்டி பரவால்ல சார்" என்றேன். இன்று எழுத்து கோணலாகத்தான் வருகிறது.

மார்ச் 19, புதன்

அப்பா வீடு. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எத்தனை தடவை எழுந்து போய்விட்டேன்.

முதல் நாள் அவரைப் புரட்டத் தெரியாமல் நானும் சேர்ந்து கட்டிலில் விழுந்தேன். "ஆபீஸ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?" என்றார். உடம்பு போனாலும் நக்கல் போகவில்லை. நாற்றம் பழகிவிடும் என்கிறாள் அக்கா. இன்னும் பழகவில்லை. நேற்று துணி மாற்றும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நானும் திருப்பிக்கொண்டேன். அப்படியே மாற்றி முடித்தோம். இடுப்பு ஒடிகிறது.

அக்கா காலையில் சாப்பிட்டதும் பின்னறையில் போய்ப் படுத்தாள். வெயில் சாய்கிறது, இன்னும் எழவில்லை. கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

"பெரியவளே" என்று அப்பா கூப்பிடுகிறார். அவள் காதில் விழுவதற்குள் நான் போக வேண்டும்.