அக்கா டாக்டரிடம் சொன்ன பொய்

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் நிறைந்துவிட்டது. திவசமும் கொடுத்தாயிற்று. ஆனாலும் உன்மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை.

உன் தீராத மார்ச்சளிக்காக, தொண்டாமுத்தூரிலிருந்து வாராவாரம் வண்டி கட்டிக்கொண்டு கோயமுத்தூர் டாக்டரிடம் போனோமே, நினைவிருக்கிறதா? அவர் புதிதாக ஓர் ஊசி போட்டுப் பார்த்தார். அது கேட்குமா என்று அவருக்கே நிச்சயமில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் உன்னை விசாரித்து நோட்டில் எழுதிக்கொண்டார். நீயோ, "இப்பத் தேவலைங்க" என்பாய். வெளியே வந்ததும் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாய்.

"ஏனக்கா அப்படிச் சொன்னே?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"அவரு இத்தனை சிரமப்படறாரு கண்ணு. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாயை மூடிக்கொண்டு வந்தவன் நானும்தான்.

இப்போது உன் மகள் கமலத்துக்கும் அதே இருமல், அதே சளி. போன வாரம் அவளை அழைத்துக்கொண்டு போனேன். அந்த மார்ச்சளிதான் உன்னைக் கொண்டுபோயிற்று என்று தெரியாமல், நீ திடீர்க் காய்ச்சலில் போய்விட்டதாகவே டாக்டர் நினைத்திருந்தார். பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குக் கேட்ட மருந்துதானுங்க" என்று ஊசியை எடுத்தார். கமலம் கையை நீட்டிவிட்டாள்.

அத்தனை நல்ல மனுஷரிடம் எப்படிச் சொல்வது?

"வேண்டாமுங்க," என்றேன். "அக்காளுக்கு ஒரு நாளும் தேவலையாகலீங்க. உங்க மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்லிப்போடுச்சுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை மறுபடியும் புரட்டினார்.

"உங்க அக்கா சொன்னத நம்பி இன்னும் நாலு பேருக்கு இதைப் போட்டுட்டு இருக்கறனுங்க," என்றார். "அவங்களும் தேவலைன்னுதானுங்க சொல்றாங்க."

உன் நல்ல மனசை நினைத்து அழுவதா, திட்டுவதா?

அந்த நாலு பேருடைய ஊரையும் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். நாளைக்கே வண்டி கட்டுகிறேன். உண்மையைக் கேட்டுக்கொண்டு போய் அவரிடம் சொல்வேன். கமலத்துக்கு வேறு வைத்தியம் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். இது சத்தியம் அக்கா, மரியாதைக்காக உன்னைச் சாக விட்டேன், உன் மகளை விடமாட்டேன்.

உன் தம்பி,
கமலத்தின் தாய்மாமன்